கிரானுக்கு எடுத்துப்போன இரண்டு கருவிகள்

சோதனைச்சாவடியில் சிப்பாய் முதலில் கறுப்புக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மஞ்சள் கருவியை. அவர் சிங்களத்தில் கேட்டதை ஆட்டோக்காரர் நவம் எனக்குத் தமிழில் சொன்னார்.

"இது என்ன எண்டு கேக்கிறார்."

"அளவெடுக்கிற கைக்கணினி."

"எதை அளக்க எண்டு கேக்கிறார்."

"குகையை."

நவம் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. வேறு நல்ல பதிலாக ஒன்று கிடைக்கவில்லையா என்பதுபோல் என்னைப் பார்த்தார். போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மட்டக்களப்பிலிருந்து வடக்கே போகும் சாலையில் ஒரு இந்தியன், லேசர் அடிக்கும் பெட்டி ஒன்றும் கணினி இரண்டும் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் இருக்கும் குகையை அளக்கப் போகிறேன் என்கிறான். நானே சிப்பாயாக இருந்தால் என்னை விட்டிருக்க மாட்டேன். என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. ஏதாவது ஆனால் மாட்டப்போவது நவம்தான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கச்சேரி எனும் மாவட்டச் செயலகத்தில் வாங்கிய அனுமதிக் கடிதத்தை வேறொரு சிப்பாய் வந்து வாசித்தார். கருவிகள் திரும்ப வந்தன. ஆனால் பையின் அடியில் கிடந்த சிவப்பு நாடா உருளையை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டார்கள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"இதை உள்ளுக்குக் கொண்டு போக வேணாமாம்" என்றார் நவம்.

"ஏனாம்?"

"கேக்கட்டா?"

"வேண்டாம், வேண்டாம். போகலாம்."

இருபது ரூபாய் நாடா. அவர்களுக்கு ஏதோ கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கருவிகள் பிழைத்ததே போதும் என்ற அவசரத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

இந்தக் கருவிகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு சிறிய குழு. விடுமுறை நாட்களில் மலைகளுக்குப் போய், குகைகளுக்குள் தவழ்ந்து, அவற்றுக்கு வரைபடம் போடுகிறவர்கள். எங்கள் வீடுகளில் இதை யாரும் ஒரு வேலையாக மதிப்பதில்லை. இதுவரை பென்சிலும் நனையாத தாளும் திசைகாட்டியும்தான். இனிமேல் லேசரால் அளந்து கைக்கணினியில் ஏற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. எந்தக் கைக்கணினி என்பதில்தான் சண்டை. கீழே போட்டால் உடையக் கூடாது, சேற்றில் விழுந்தால் கழுவ முடிய வேண்டும், ஈரக் கைக்கும் அடங்க வேண்டும், இருட்டிலும் வெயிலிலும் திரை தெரிய வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. கடைசியில் விற்பவர் இரண்டு கருவிகளை இரவல் கொடுத்தார். மட்டக்களப்பிலிருந்து ஜெயந்தியின் அழைப்பு வந்திருந்ததால் இரண்டையும் என் தலையில் கட்டினார்கள்.

ஜெயந்தி திருச்சியில் படித்த காலத்தில் எங்களோடு குகைகளுக்கு வந்தவர். இப்போது சொந்த ஊரில் வௌவால்களை ஆராய்கிறார். கிரானுக்கு மேற்கே ஒரு பாறைக் குன்றில் வௌவால் குகை இருக்கிறது, வரைபடம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். நானும் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பிவிட்டேன்.

கறுப்புக் கருவி அழகி. வண்ணத் திரை, எழுத ஒரு குச்சி. லேசர் அளந்த எண் கம்பியில்லாமல் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். குகைச் சுவரைத் திரையிலேயே வரையலாம். மஞ்சள் கருவி செங்கல். சாம்பல் திரை, பொத்தான்கள், எல்லா எண்ணையும் நாமே தட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "சரியா?" என்று கேட்கும். வேண்டாம் என்று அழித்த அளவையும் அழிக்காமல், குறுக்கே கோடு போட்டு வைத்துக்கொள்ளும். எங்கள் குழுவில் அதற்கு மாமியார் என்று பெயர். என் மனம் கறுப்பிடம் போய் நாளாகிவிட்டது. இந்தச் சோதனை ஒரு சடங்குதான்.

முந்தைய நாள் நான் வந்து இறங்கியது கல்லடியில் ஒரு வீட்டில். கூடத்துச் சுவரில் என் தோள் உயரத்துக்கு மேல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம். சுனாமியில் கடல் நின்ற மட்டம் அது என்றார்கள். இங்கே எதைக் கேட்டாலும் "கடல் வந்ததுக்கு முந்தி" அல்லது "சண்டை முடிஞ்ச பிறகு" என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். நவத்தின் முந்தைய ஆட்டோவைக் கடல் கொண்டுபோயிருந்தது. இது நிவாரணத்தில் வந்ததாம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் மெல்ல இறங்கினார்.

சாப்பாட்டில் மட்டும் எந்தப் பயமும் இருக்கவில்லை. காலையில் இடியப்பம், மஞ்சள் சொதி, மாசிச் சம்பல். எங்கள் ஊரில் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குழந்தைச் சாப்பாடாக்கி வைத்திருக்கிறோம். இங்கே அது கண்ணில் நீர் வரவழைக்கிறது. இரவு வாவி இறாலும், மண்சட்டியோடு கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரும். தயிருக்குச் சாதம் கேட்டேன். வீட்டுக்கார அம்மா பாணி எனும் பாகை ஊற்றிவிட்டு, "சோத்துக்கா, இத?" என்று என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

சோதனைச்சாவடியைத் தாண்டி ஏறாவூருக்கு வந்ததும் பின்சக்கரம் காற்றை விட்டது. பஞ்சர் ஒட்டும்வரை நான் கடைத்தெருவில் நாடா தேடினேன். குகையில் ஒவ்வொரு அளவும் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு எடுப்பது. அந்தப் புள்ளியை நிலை என்போம். நிலை எது என்று தெரிய அங்கே ஒரு துண்டு நாடா கட்டுவது எங்கள் வழக்கம். இருட்டில் விளக்கு பட்டதும் தெரிய வேண்டும் என்பதால் எப்போதும் சிவப்பு. ஒரு துணிக்கடையில் பெண் பிள்ளைகள் தலையில் கட்டும் சிவப்பு ரிப்பன் கிடைத்தது.

"முழு உருளையுமா? வீட்ட எத்தினை பொம்புளப் புள்ளையள் தம்பி?" என்றார் கடைக்காரர்.

"ஒருத்தியும் இல்லை. குகைக்கு."

"குகைக்கு?" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் விசாரிக்காமல் வெட்டிக் கொடுத்தார்.

கிரானைக் கடந்து நெல் வயல்களின் நடுவே போனோம். வயலை இங்கே வேளாண்மை என்கிறார்கள், வயல்வெளியை வட்டை. விளைந்து தலை சாய்ந்து நின்றது வட்டை முழுக்க. சண்டையில் விட்டுப்போய்த் திரும்பி வந்தவர்களின் முதல் பெரிய அறுவடை என்று நவம் சொன்னார். சேறு ஆரம்பிக்கும் இடத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. நவம் அதை விட்டு வர மாட்டார். ஜெயந்திக்கு அன்று வகுப்பு, தொலைபேசியில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "மாடு போற பாதைய விட்டு இறங்காதீங்க அண்ணன். வயல் எல்லாம் கிளியர் பண்ணிக் குடுத்தாச்சு. ஆனாலும் பாதைய விட்டு இறங்காதீங்க."

சாலையோரத்து மதகில் முதல் நிலை. அங்கிருந்து குன்று வரை அளந்துகொண்டே போய்க் குகையை இணைக்க வேண்டும். லேசரை வை, கறுப்பில் ஏற்று, மஞ்சளில் தட்டு, "சரியா?" சரி, ரிப்பனைக் கட்டு, அடுத்தது. வெயிலில் கறுப்பின் திரை தெரியவில்லை. சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் கூடாரமாகப் போட்டுக்கொண்டு அதற்குள் பார்த்தேன். ரிப்பனில் எண் எழுதப் பார்த்தேன், மை பிடிக்கவில்லை. எண்ணைக் கருவி வைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

ஓரிடத்தில் மாட்டுப் பாதை வளைந்து ஒரு மருதமரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. அளவெடுக்கிறவனுக்கு வளைவு என்றாலே எரிச்சல். நேராகப் பார்த்தால் அடுத்த நிலை ஒரே அளவில் தெரிகிறது. வளைவில் போனால் நான்கு அளவு. நான்கு அளவில் நான்கு பிழை. மரத்தை ஒட்டி நேராக நடந்தேன். லேசரை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன், மறுபடி போனேன். திரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் தரையைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஜெயந்தி சொன்னது நினைவுக்கு வந்தது உண்மை. புல்லும் சேறும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குகை அருமையான குகை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை அங்கேயே தங்கிவிடும். வாயிலில் மழைநீர் உள்ளே வழியாதபடி யாரோ பழங்காலத்தில் பாறையில் வெட்டிய விளிம்பு. உள்ளே அம்மோனியா நெடி. தலைக்கு மேல் ஆயிரம் குட்டிக் குடைகள். கறுப்பில் சுவர்களை வரைந்தேன். அவ்வளவு அழகாக என் வாழ்நாளில் வரைந்ததில்லை. மஞ்சளில் எச்சம் விழுந்தது; துடைத்துவிட்டுத் தட்டினேன்.

மறுநாள் காலை கறுப்பு விழிக்கவில்லை. மின்கலம் இரவில் முழுக்க வடிந்திருந்தது. கல்லடி வீட்டில் மின்சாரம் போனதை நான் கவனிக்கவில்லை. மின்னேற்றி எழுப்பியபோது அது பிறந்த குழந்தைபோல் முழித்து, இன்று என்ன தேதி என்று என்னையே கேட்டது. நேற்றைய அளவுகள், சுவர்கள், குகை, ஒன்றும் இல்லை. நினைவக அட்டையில் நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். நாளைக்கு என்று விட்டிருந்தேன். குகையை மறுபடி வரையக் கிளம்பி, ஆட்டோவில் ஜெயந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் கறுப்பைத் திட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்கிருந்த துயரமெல்லாம் அது ஒன்றுதான், வட்டைக்குப் போய்ச் சேரும்வரை.

மதகடியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக வெட்டுக்கு வந்தவர்கள். கையில் தாக்கத்தி எனும் அரிவாள்கள். சூடு எனும் கதிர்ப்போருக்குக் கட்டு ஏற்றக் கொண்டுவந்த கைட்ராக்டர் சும்மா நின்றது. யாரும் வயலில் இறங்கவில்லை. அவர்களுக்கு நடுவே ஒரு பெண் நின்று கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஜெயந்தி இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அண்ணன், நீங்க நேத்து ரிப்பன் கட்டினீங்களா?"

"ஆமாம். நிலைக்கு."

"சிவப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே சிவப்பு என்றால் மிதிவெடி. அகற்றுகிறவர்கள் சிவப்புக் கட்டுவார்கள், அவர்கள் வராத இடத்தில் வெடியைக் கண்டவர்கள் கட்டுவார்கள். சாவடியில் நாடாவை ஏன் எடுத்துவைத்தார்கள் என்பதும் புரிந்தது. வட்டையின் வரப்பு வழியே மதகிலிருந்து குன்றுவரை நான் மிதிவெடி என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அந்தப் பெண் செல்வமலர். வயல் அவருடையது. கணவர் சண்டையில் இல்லாமல் போனவர். முகாமிலிருந்து திரும்பி, விதைநெல்லுக்கு நாயாக அலைந்து, தனியாக விளைவித்த வேளாண்மை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு வெட்டாவிட்டால் மழையில் நெல் படுத்துவிடும். இந்த ஆட்கள் நாளைக்கு வேறு வட்டைக்குப் போய்விடுவார்கள்.

நான் என்னால் முடிந்த மரியாதையெல்லாம் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கட மன்னிப்ப வெச்சு நான் என்ன செய்யிற? கட்டினத அவிழுங்க. எல்லாத்தையும் அவிழ்த்து இந்த ஆக்களிட கண்ணுக்கு முன்னால காட்டுங்க."

ஜெயந்தியும் நானும் புறப்பட்டோம். மதகடியில் தொடங்கி ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். கறுப்பு இருந்தால் வரைபடத்தைப் பார்த்து நேரே போயிருக்கலாம். மஞ்சளில் ஒவ்வொரு அளவாகத் தட்டி, அந்தத் திசையில் அந்தத் தூரம் பார்த்து, ரிப்பனைக் கண்டு, எடுத்து, அடுத்தது. மருதமர வளைவு வந்ததும் நான் நேராகப் போகக் கால் வைத்தேன். ஜெயந்தி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நேரா வேணாம். மாட்டுப் பாதையால சுத்திப் போவம்."

சுற்றிப் போனோம். குன்றடிவரை எடுத்து முடித்தோம். மஞ்சளில் உள்ள நிலைகள் எல்லாவற்றுக்கும் ரிப்பன் என் கையில் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டுத் திரும்பினேன். எதிரே, மருதமரத்தின் குன்றைப் பார்த்த பக்கத்தில், அடிமரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன்.

நேற்றுப் போகும்போது அது மரத்துக்கு மறுபக்கம், திரும்பும்போது என் கண் திரையில்; அதனால் படவே இல்லை. துணி ரிப்பன், என்னுடையதைப் போலவே. கொஞ்சம் மங்கல், ஆனால் சேறு பட்ட என் ரிப்பன்களும் அப்படித்தான் இருந்தன.

"உங்கடதா?" என்றார் ஜெயந்தி.

தெரியவில்லை. அங்கே ஒன்றைக் கட்டிவிட்டு, அளவு சரிவராமல் விட்டிருக்கலாமோ? கட்டின ஞாபகம் இல்லை. கட்டவில்லை என்ற ஞாபகமும் இல்லை. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்ட நின்றே லேசரை மரத்துக்குப் பிடித்தேன். தூரமும் திசையும் வந்தன. மஞ்சளில் தேடினேன், அப்படி ஓர் அளவு இல்லை. பாதையால் சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்தும் பிடித்தேன். இல்லை. பிறகு, வேண்டாம் என்று நேற்று நான் அழித்து, அது கோடு போட்டு வைத்திருந்தவற்றைப் பார்த்தேன். இரண்டு இருந்தன. இரண்டும் வேறு திசை. பொத்தானைத் தப்பாகத் தட்டினேன். "சரியா?" என்றது.

மதகடிக்கு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். மரத்தருகே நாங்கள் நின்றதை அவர்களும் பார்த்திருந்தார்கள்; அங்கே இன்னொரு ரிப்பன் இருப்பதை ஜெயந்தி சொன்னார். செல்வமலர் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"அதும் உங்கடதானே, அண்ணன்?"

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆட்கள் இறங்கிவிடுவார்கள். மழைக்கு முன் வெட்டு முடிந்துவிடும். நானே கட்டியிருப்பதற்குத்தான் எல்லா நியாயமும் இருந்தது. நேற்று வட்டை முழுக்கச் சிவப்புக் கட்டிய பைத்தியம் நான் ஒருவன்தானே. அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் கருவியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"என்னுடையது இல்லை அம்மா."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லை."

அவர் கொஞ்ச நேரம் வரப்பில் குந்தியிருந்தார். பிறகு எழுந்து ஆட்களிடம் சொன்னார்: "மரத்தடி மூலைய விடுவம். வாய்க்காலுக்கு அங்கால மட்டும் வெட்டுவம்." யாரும் அசையவில்லை. ஒரு பெரியவர், "அங்காலயும் என்ன கிடக்கோ, ஆருக்குத் தெரியும் புள்ள?" என்றார். செல்வமலர் சேலையை இழுத்துச் செருகி, ஒருவர் கையிலிருந்த தாக்கத்தியை வாங்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார். நானும் பின்னால் போகக் கிளம்பினேன்.

திரும்பிப் பார்த்து, "நீங்க வேணாம்" என்றார். "நீங்க பாத்து நடக்கிற ஆள் இல்ல."

அவர் வயலுக்குள் இறங்கி, முதல் பிடியை அறுத்து வைத்து, அடுத்த பிடிக்கு நகர்ந்து, நடுவயல்வரை தனியாகப் போனார். ஒவ்வோர் அடிக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஜெயந்தி என் முழங்கையைப் பிடித்திருந்தது வலித்தது. நடுவயலில் அவர் நிமிர்ந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பெரியவர் முதலில் இறங்கினார். அப்புறம் ஒவ்வொருவராக.

மாலையில் மழை பிடித்தபோது பெரும்பகுதி வெட்டிச் சூடு வைத்தாகிவிட்டது. மரத்தடி மூலையில் நெல் மழையோடு படுத்தது. நவம் என்னைச் சாவடிக்குக் கூட்டிப்போனார். ஜெயந்தி அங்கே விஷயத்தைச் சொல்லி, வெடி அகற்றுகிறவர்களிடம் கொடுக்க என் அளவுகள் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார். நான் நடந்த கோடு உட்பட. அந்தப் பயணத்தில் பிறகு நான் எதையும் ருசித்துச் சாப்பிடவில்லை. குகைக்கும் போகவில்லை.

ஊருக்கு வந்து, மஞ்சளை வாங்கலாம் என்றேன். குழுவில் எல்லோருக்கும் ஆச்சரியம். கறுப்புக்குக் கொடி பிடித்தவனே நான்தானே. மின்கலம் வடிந்தால் கறுப்பு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது என்று காரணம் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. சில வாரங்கள் கழித்து மஞ்சள் பெட்டிகள் வந்து, நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தபோது ஜெயந்தி தொலைபேசியில் அழைத்தார்.

"வெடி எடுக்கிற ஆக்கள் வந்து பாத்துட்டாங்க அண்ணன். ரிப்பனுக்குக் கீழ ஒண்டும் இல்ல."

நான் நாற்காலியில் சாய்ந்தேன். ஒன்றும் இல்லாத மூலைக்காகவா அந்த அம்மாவின் நெல்லைப் படுக்க விட்டேன் என்று நினைத்தேன்.

"மரத்துக்கு இந்தப் பக்கம் ஒண்டு இருந்திச்சு" என்றார் அவர். "உங்கட அளவு இருந்ததால அந்தக் கோட்டையும் பாத்திருக்காங்க. நீங்க குறுக்கால போய் வந்தீங்களே, அதில. சேத்தில ஆழமாப் பதிஞ்ச உங்கட சப்பாத்து அடையாளம் மழைக்குப் பிறகும் அதுக்கு ரெண்டு பக்கத்திலயும் கிடந்திச்சாம்."

மேசையில் யாரோ ஒரு கருவியை இயக்கிவிட்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன், கேக்குதா? செல்வமலர் அக்கா பக்கத்தில நிக்கிறாங்க. உங்களிட்ட ஒண்டு கேக்கச் சொன்னாங்க. உங்கட கால் ரெண்டும் சுகமா இரிக்கா எண்டு."

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இரண்டும் இருந்தன.

"இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றேன்.